தனிமைப் பாட்டு ஏன் புலம்பலாகிவிடுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மனிதர்களை விட்டு விலகி, "எனக்கு யாரும் வேண்டாம், இங்கே பத்திரமாக இருக்கிறேன்" என்று சொல்லும் ஒருவரின் குரலில் ஒரு அக்கூஸ்டிக் ராக் பாட்டு எழுதியிருக்கிறீர்கள். கிதாரோடு தனியாகப் பாடிப் பதிந்தால் புலம்பல் போலக் கேட்கிறது. பேஸும் டிரம்ஸும் சேர்த்தால் அந்தத் தனிமையே காணாமல் போகிறது. எந்த வாத்திய அமைப்பு சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வாத்தியத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் வேறு. இந்தப் பாட்டில் பாதுகாப்பு, தனிமை என்று இரண்டு உணர்ச்சிகள் இருக்கின்றன. எதைச் சொல் சுமப்பது, எதை இசை சுமப்பது? என்னைக் கேட்டால் சொற்கள் பாதுகாப்பை மட்டும் பேச வேண்டும், தனிமை இசை வழியாகக் கசிய வேண்டும். சொல்லும் அழுது, கிதாரும் அழுது, குரலும் அழுதால் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

வரிகளிலிருந்து தொடங்குங்கள். எழுதி வைத்ததை எடுத்து தனிமை, வலி, கண்ணீர், காயம், இருள், மௌனம் என்று வரும் சொற்களையெல்லாம் ஒரு முறை அடித்துப் பாருங்கள். அடித்தபின் பாட்டில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், உணர்ச்சியின் பெயர்களை வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடங்களில் அவர் வாழும் அறையை வையுங்கள்: தாழ்ப்பாள், ஒற்றை நாற்காலி, சத்தம் நிறுத்திவைத்த போன், அகர வரிசையில் அடுக்கிய புத்தகங்கள். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சரணங்களைக் கேட்பவருக்கு 'நமக்கும் இப்படி ஒரு அறை கிடைத்தால் நன்றாயிருக்குமே' என்று ஆசை வர வேண்டும். மூன்றாவது சரணத்தில் அவரையறியாமல் ஒரே ஒரு விவரம் நழுவட்டும். சத்தம் நிறுத்திய அந்தப் போனை அடிக்கடி திருப்பிப் பார்க்கிறார் என்பதுபோல. ஒன்று போதும். இரண்டாவது விவரம் வைத்தால் விளக்கவுரை ஆகிவிடும். பிரிட்ஜ் பகுதியில், அதாவது பாட்டின் நடுவே மெட்டு மாறும் இடத்தில், பாத்திரம் மனம் திறந்து ஒப்புக்கொள்வது வழக்கம். இந்தப் பாட்டில் அதைச் செய்யாதீர்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் அவர் மூடியிருக்கும் ஆளே இல்லையே. பிரிட்ஜ் வேண்டுமென்றால் சொல் இல்லாமல் 8 பாரை (தாளச் சுற்றை) கிதாரிடம் விட்டுவிடுங்கள்.

தனியாகப் பெரிய கோரஸ் (பல்லவி) தேவையா என்பதையும் யோசியுங்கள். ஒவ்வொரு சரணத்தின் கடைசியிலும் அதே ஒரு வரி திரும்பி வந்தால் போதும். மூன்றாம் முறை வரும்போது அந்த வரியை ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். நழுவிய அந்த விவரமே அதன் பொருளை மாற்றிவிடும். அந்த வரி 'வேண்டாம்' என்பதுபோல மகரத்தில் முடிந்தால் ஒரு வசதி உண்டு. முதல் இரண்டு முறை நெடிலை நீட்டாமல் சீக்கிரமே 'ம்' என்று உதட்டை மூடிவிடலாம். கதவைச் சாத்தியதுபோல இருக்கும். கடைசி முறை மட்டும் 'ஆ'வைத் திறந்து நீட்டி, தாமதமாக மூடுங்கள். கமகமோ அலைவோ சேர்க்காமல் நேர் சுரமாகவே பிடியுங்கள். நீட்டி வளைத்துப் பாடும் அந்த ஒரு வளைவில்தான் பாதிப் பாட்டுகள் புலம்பலாகின்றன.

இனி கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள். இந்தக் கருத்துக்கென்றே செய்ததுபோல ஒரு விரலமைப்பு கிதாரில் இருக்கிறது. பி தந்தியிலும் மெல்லிய ஈ தந்தியிலும் 3ஆவது ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட மூன்றாவது கட்டத்தில்) மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்து, அவற்றை எடுக்காமல் மற்ற இரு விரல்களை மட்டும் நகர்த்துங்கள். தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் 3-2-0-0-3-3 என்பது ஜி (எண் ஃப்ரெட்டைக் குறிக்கும், 0 என்றால் அழுத்தாத தந்தி). 0-2-2-0-3-3 என்பது ஈ மைனர் செவன்த். தடித்த தந்தியை மட்டும் தொடாமல் 3-2-0-3-3 என்பது சி ஆட் நைன். தடித்த இரண்டு தந்திகளையும் விட்டு 0-2-3-3 என்பது டி சஸ் ஃபோர். நான்கிலும் மேலே கேட்கும் டி, ஜி என்ற இரண்டு சுரங்களும் அசையவே அசையாது. கீழே உலகம் மாறிக்கொண்டிருக்கும். அசைய மறுக்கும் ஆளைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. முதல் இரண்டு சரணங்களையும் முழுக்க இந்த நான்கு வடிவங்களிலேயே வாசியுங்கள். இடையில் சாதாரண டி, சாதாரண சி எதையும் தொடக் கூடாது. மூன்றாம் சரணத்தில் அந்த விவரம் வரும் சொல்லின்மேல் சுண்டு விரலை எடுத்து, மெல்லிய ஈ தந்தியின் 2ஆவது ஃப்ரெட்டில் நடுவிரலை வையுங்கள். டி சஸ் ஃபோர் சாதாரண டி ஆகிறது, மேலே இருந்த ஜி ஒரு அரைச்சுரம் இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. ஜி-யைச் சட்ஜமாகக் கொண்டால் அது காகலி நிஷாதம், மேலே போகத் துடிக்கும் சுரம். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்த ஒன்று அரைச்சுரம் அசைந்தால், கார்டு பெயர் எதுவும் தெரியாதவர் காதிலும் விழும்.

முடிவுக்கும் இதே கணக்குதான். ஜி-யில் போய் உட்கார்ந்தால் 'நான் சொன்னது சரிதான்' என்று அவர் ஜெயித்துவிடுகிறார். ஈ மைனரில் முடித்தால் 'பாவம்' என்று தீர்ப்பு எழுதியதுபோல ஆகும். இடைப்பட்ட ஒரு வழி உண்டு: ஜி கார்டையே வாசித்து, அடியில் ஜி இல்லாமல் பி-யை வைப்பது. தடித்த தந்தியைத் தொடாமல் 2-0-0-3-3. அதே வீடுதான், ஆனால் தரை உறுதியாக இல்லை. அதற்காக முதல் சரணத்திலேயே இதைப் பயன்படுத்திவிட்டால் கடைசியில் மதிப்பு இருக்காது.

சுருதியை உங்கள் குரலைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. கண்டுபிடிக்கும் முறையை மட்டும் சொல்கிறேன். தெளிவாகச் சொல் புரியும்படி நீங்கள் பாடக்கூடிய மிகத் தாழ்ந்த சுரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு 2 அல்லது 3 அரைச்சுரம் மேலே சரணத்தின் தாழ்ந்த சுரம் வரும்படி வையுங்கள். பேச்சுக்குப் பக்கத்தில் குரல் இருக்கும். அதேசமயம் காற்று மட்டும் வந்து சொல் மறையாது. கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஒரு ஃப்ரெட் ஏறினால் ஒரு அரைச்சுரம் ஏறும். ஆக இதே வடிவங்கள் 2ஆவது ஃப்ரெட்டில் ஏ, 4ஆவதில் பி. கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் மாட்டி, மாட்டியபின் மறுபடி சுருதி சேருங்கள். அழுத்தம் கூடினால் தந்திகள் சுருதி ஏறிவிடும். தாழ்ந்த குரலென்றால் ஆறு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி, ஜி வடிவத்தில் எஃப் பெறலாம். 0.012 அங்குலத்தில் தொடங்கும் லைட் செட் அப்போது தளர்ந்து ஃப்ரெட்டில் உரசும், 0.013 மீடியம் செட் அந்தத் தளர்வைத் தாங்கும்.

வேகத்தில் பலரும் தவறுவது ஒரே திசையில்தான். சோகம் என்றதும் நிமிடத்துக்கு 70 தட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். தன்னைத் திடமானவர் என்று காட்டிக்கொள்பவர் இழுத்து இழுத்து நடக்க மாட்டார். நான்கு தட்டுத் தாளத்தில் 92 முதல் 104 வரை மெட்ரோனோமில் வைத்து, அதே சரணத்தை மூன்று வேகத்தில் பாடிப் பதிந்து கேளுங்கள். வலக்கையின் அடிப்பாகத்தைக் கிதாரின் பிரிட்ஜ் (உடலில் தந்திகள் கட்டியிருக்கும் கட்டை) மேல் லேசாக வைத்துத் தடித்த தந்திகளை அமுக்கி, எட்டாம் தட்டுகளை (ஒரு தட்டுக்கு இரண்டு அடி வீதம்) மாறாத அழுத்தத்தில் கீழ்நோக்கி வாசித்தால் சரணங்கள் சுவர்போல நிற்கும். திரும்பி வரும் வரியில் மட்டும் கையை எடுத்துத் தந்திகளைத் திறந்துவிடுங்கள். 0.73 மி.மீ. பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) இதற்குப் போதும். ஆறு தட்டுத் தாளம் இன்னொரு வழி. தாலாட்டின் ஆட்டம் அதில் இருப்பதால் பாதுகாப்பு நன்றாகக் கேட்கும், ஆனால் ராக் உந்துதல் குறையும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ரசனை என்று பிரித்துவிடுவது நல்லது. அசையாத சுரம் அசைந்தால் கவனம் அங்கே போகும் என்பதும், அடியில் மூல சுரம் இல்லாத கார்டு நிலையற்றதாகக் கேட்கும் என்பதும் மேற்கத்திய ஹார்மனியில் பழகிய காதுகளுக்கு நம்பிச் சொல்லக்கூடியவை. மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்பது அவ்வளவு உறுதி இல்லை; அதில் பெரும்பகுதி கேட்டுக் கேட்டுப் பழகியது. அதனால்தான் மேஜரிலேயே இருக்கச் சொல்கிறேன். மைனர் போட்டுவிட்டால் கேட்பவர் முடிவைத் தொடக்கத்திலேயே ஊகித்துவிடுவார். வேக எண்கள் வெறும் தொடக்கப் புள்ளிகள். உங்கள் வரிகளின் நீளத்தைப் பொறுத்து 10 தட்டு முன்பின் போகலாம்.

இப்போது நீங்கள் கேட்ட வாத்திய அமைப்பு. முதல் சரணம் கிதார் மட்டும், இரண்டாவதில் பேஸ், மூன்றாவதில் டிரம்ஸ், கடைசியில் எல்லாரும் என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் பரவலான பழக்கம். இந்தப் பாட்டில் அதைத் தலைகீழாக்குங்கள். முழு அமைப்போடு தொடங்கி ஒவ்வொன்றாகக் கழியுங்கள். முதல் சரணத்தில் இருக்கும் ஒலிகள்தான் அவருடைய பாதுகாப்பு. அவை போகப் போகத்தான் அறையில் அவர் மட்டும் இருப்பது தெரியும். மூன்றாம் சரணத்தின் நடுவில் டிரம்ஸ் நிற்கட்டும், அந்த விவரம் வரும் வரியில் பேஸ் நிற்கட்டும், கடைசி வரிக்கு ஒரே கிதார், பிக் இல்லாமல் கட்டைவிரல் சதையால். ராக் பாட்டாகவும் இருக்கும், தனிமையும் தப்பாது. தொடக்கத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாரும் நிறைய வாசிக்க வேண்டியதில்லை. பேஸ் ஒரு பாருக்கு இரண்டு சுரம், டிரம்ஸில் ஸ்னேர் விளிம்பில் குச்சியைப் படுக்கவைத்துத் தட்டும் கிராஸ் ஸ்டிக், சிம்பல் கூடவே கூடாது. சிம்பலின் நீண்ட ஒலி கழிக்கும் இடங்களை மழுப்பிவிடும்.

துணைக் குரல் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். மூன்றாம் சுர இடைவெளியில் இன்னொருவர் சேர்ந்து பாடினால் எவ்வளவு இனிமையானாலும், தனியாக இருப்பதாகச் சொல்பவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். இதைக் காதால் சரிபார்க்க நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பால் சைமன் 'ஐ ஆம் எ ராக்' பாட்டை 1965இல் லண்டனில் தன் கிதாரோடு தனியாகப் பதிந்தார். பிறகு ஆர்ட் கார்ஃபன்கலோடு சேர்ந்து டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் வைத்துப் பதிந்தது 1966இல் வெளியான 'சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்' ஆல்பத்தில் வந்தது. பெரிய வெற்றி பெற்றது இரண்டாவதுதான். அடுத்தடுத்துக் கேட்டால் முதலாவதில் ஒரு மனிதர் உண்மையாகவே உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வதும், இரண்டாவதில் அதே சொற்கள் ஊருக்குச் சொல்லும் அறைகூவலாக மாறுவதும் தெரியும். எது மேல் என்பதில் கருத்து வேறுபடலாம். உங்கள் சங்கடம் அப்படியே அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் இருக்கிறது. துணைக் குரல் வேண்டும் என்று தோன்றினால் நீங்களே அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே, முணுமுணுப்பாகப் பாடிச் சேருங்கள். தனக்குத்தானே பேசிக்கொள்வதாக இருக்கும்.

கிதாரைப் பதிக்கும்போது மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைப்பதுதான் முதல் தவறு. ட்ரெட்நாட் போன்ற பெரிய உடல் கிதாரில் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிரும். தடித்த தந்தியின் 3ஆவது ஃப்ரெட் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு ஜி கார்டும் 'பும்' என்று மேலேறி மற்ற கார்டுகளை அமுக்கும். சிறிய டயஃப்ரம் கண்டன்சர் மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்து, கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். இன்னும் முழங்கினால் மைக்கை நகர்த்துங்கள், இக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவியில்) வெட்டுவது அதற்குப் பிறகு. பேஸ் வாசிக்கும் பகுதிகளில் கிதாரின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். பேஸ் நின்றதும் அந்த வெட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசி வரியில் கிதார் சோகையாக இருக்கும். பதியும் அளவு 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகில் இருந்தால் போதும்.

குரலில் மூன்று விஷயம் தூரத்தைத் தீர்மானிக்கிறது: மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி, அறையின் எதிரொலி, பின்னால் சேர்க்கும் ரிவெர்ப் என்ற செயற்கை எதிரொலி. முன்பக்க ஒலியை நன்றாகப் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் அலைவரிசைகள் தடிக்கும். பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை) வைத்து 10 முதல் 15 செ.மீ.யில் பாடினால் காதருகில் பேசும் உணர்வு வரும். தடிப்பு அதிகமானால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அறை சிறியதாக, சுவர்கள் வெறுமையாக இருந்தால் கை தட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று துடிப்பு கேட்டால் தடித்த போர்வைகளைத் தொங்கவிட வேண்டும், மைக்குக்குப் பின்னால் இல்லை, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். கார்டியாய்ட் மைக் தன் முன்பக்கம் வருவதைத்தான் நன்றாகக் கேட்கும், ஆகவே உங்கள் முதுகுப் பக்கத்துச் சுவர்தான் அதற்கு முன்பக்கச் சுவர். மூச்சுச் சத்தங்களை எல்லாம் வெட்டித் துடைத்துவிடாதீர்கள். கம்ப்ரெஷன் (உரத்த இடங்களைத் தானாக அமுக்குவது) 3:1 விகிதத்தில் 4 டெசிபெல் அளவுக்கு மேல் அமுக்க வேண்டாம். அதிகமானால் மூச்சும் சொல்லும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். சத்தம் குறைந்த சொற்களைக் கையால் ஏற்றுவது நேரம் எடுத்தாலும் நன்றாக இருக்கும்.

ரிவெர்ப்தான் இந்த வகைப் பாட்டைக் கெடுப்பதில் முதலிடம். தனிமை என்றதும் 3 விநாடி நீளும் பெரிய மண்டப எதிரொலியைப் போடுகிறார்கள். அது தனிமையை அழகான நிலக்காட்சி ஆக்கிவிடுகிறது. உங்கள் ஆள் இருப்பது சின்ன அறையில். நேர் ஒலி அதிகமாகவும் எதிரொலி குறைவாகவும் இருந்தால் காது அதை அருகில் இருப்பதாகக் கொள்ளும். இது உறுதியான விஷயம். குரலைக் கிட்டத்தட்ட உலர்ந்தபடியே விட்டு, 0.6 முதல் 0.8 விநாடி அறை ரிவெர்ப் தெரியாத அளவுக்கு மட்டும் சேர்த்து, பேஸையும் டிரம்ஸையும் சற்றுத் தள்ளி வைத்தால், குரல் மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிந்து நிற்கும்.

கிதாரை இருமுறை வாசித்து இடமும் வலமுமாக வைப்பது பாதுகாப்பான தழுவலைத் தரும். முதல் இரண்டு சரணங்களுக்கு அதைச் செய்யுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, நடுவிலேயே கேட்கும். நகலைச் சில மில்லிவிநாடி தள்ளினால் அகலம் வந்ததுபோல இருக்கும், ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து ஒலி பொந்தாகும். நிஜமாகவே இரண்டாம் முறை வாசியுங்கள், முடிந்தால் 5ஆவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி டி வடிவத்தில். அதுவும் ஜி-தான், நிறம் வேறு. ஆனால் மேலே அசையக் கூடாத இரண்டு சுரங்களை அந்தக் கிதார் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய தந்தியை அதில் வாசிக்காமல் விடுவது எளிய வழி. மூன்றாம் சரணத்தில் இரண்டும் போய் நடுவில் ஒரே கிதார்.

பாடுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில்தான் வரும் என்றால், இரண்டு மைக் வைத்துச் சண்டை போடாமல் ஒரே மைக்கை மார்பு உயரத்தில் 40 முதல் 50 செ.மீ. தூரத்தில் வைத்து, குரலுக்கும் கிதாருக்கும் உள்ள விகிதத்தை மைக்கின் உயரத்தால் சரிசெய்யுங்கள். இரண்டு மைக் என்றால் ஒவ்வொன்றும் தன் ஒலியிலிருந்து இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்காவது அவற்றுக்கிடையே வேண்டும் என்பது பழைய விதி. ஒரே ஆள் மடியில் வைத்து வாசிக்கும்போது அது நடக்காது. பின்னால் டிரம்ஸ் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் காதில் கிளிக் (மெட்ரோனோம் தட்டு) ஓடட்டும். கடைசி வரியில் கிளிக்கை நிறுத்திவிட்டு, உங்கள் வேகத்துக்கு விடுங்கள்.

கடைசியாகச் சத்த அளவு. மாஸ்டரிங்கில் (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை அழுத்தி உரக்கச் செய்தால், நிறைந்த முதல் சரணமும் ஒற்றைக் கிதார் கடைசி வரியும் ஒரே உயரத்துக்கு வந்து, கழித்துக் கழித்துச் செய்த வேலை வீணாகும். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவுக்குச் சமன்படுத்துகிறது. அதைவிட உரக்கச் செய்து அனுப்பினால் குறைத்துத்தான் ஒலிக்கும். மைனஸ் 14 முதல் மைனஸ் 16 வரை, உச்சம் மைனஸ் 1 டெசிபெலில் முடித்துவிட்டு, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். கடைசி வரியின் சொற்கள் அதில் புரிந்தால் லிமிட்டரைத் தொடத் தேவையில்லை. புரியவில்லை என்றால் அந்த ஒரு வரியின் குரலை மட்டும் 1.5 டெசிபெல் ஏற்றுங்கள்.